தங்கமான பிள்ளை

மல்லிகைச் சரம் பிடரியில் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. கையைக் கொண்டுபோய்ச் சொறியலாமா கூடாதா என்பதே மங்களேஸ்வரிக்குப் பெரிய யோசனையாகிவிட்டது, ஏனென்றால் சொறிந்தால் எதிர் பெஞ்சில் இருப்பவர்கள் பார்ப்பார்கள், பார்த்தால் ஓகோ இந்தப் பொம்பளைக்காகத்தான் வந்திருக்கிறார்கள் போல என்று கண்டுபிடித்துவிடுவார்கள், கண்டுபிடித்தால்தான் என்ன, அதைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தானே விடிந்ததும் விடியாததுமாகப் பரமக்குடியில் பஸ் ஏறி இந்த மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கே சொறியாமல் வேறு எங்கே போய்ச் சொறிவது. ஆனாலும் கை எழும்பவில்லை. மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தது. அப்படி வைத்தவள் மதினி. மதினி என்றால் செத்துப்போன அண்ணன் சண்முகவேலின் மனைவி செண்பகவல்லி. அண்ணன் போன பிறகும் நாத்தனாரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிற பொம்பளை. இன்றைக்கு அந்த மதினிதான் இந்த நல்லாத்தான் இருக்கிறவளை நல்லா இல்லை என்று எழுதி வாங்கக் கூட்டி வந்திருக்கிறாள். புதன்கிழமையானால் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் உட்கார்ந்து, யாருக்கு நோய் எத்தனை சதவீதம் என்று போடுவாராம். நாற்பதும் அதற்கு மேலும் போட்டால் மாதாமாதம் அரசாங்கப் பணத்துக்கு விண்ணப்பிக்கலாம், முப்பத்தொன்பது போட்டால் போய்வாருங்கள் அம்மா என்பார்கள். அதனால் மறைக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் மதினி பாடம் நடத்தினாள். பாடம் எல்லாம் சரிதான். ஆனால் அதற்கு முன்னால் விடியற்காலையில் எழுப்பி, சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, பீரோவின் அடியிலிருந்து மயில்கழுத்து நிறச் சேலையை எடுத்துக் கட்டிவிட்டு, இறுக்கப் பின்னி, பூ வைத்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பொட்டு நடுவில் இருக்கிறதா என்று பார்த்ததும் அதே மதினிதான். வாய் ஒன்றைச் சொல்ல, கை பழைய வழியிலேயே போய்விட்டது. மங்களேஸ்வரிக்கு, வீட்டில் மங்கைக்கு, அப்போதே என்னவோபோல் இருந்தது.

கூடையை வேறு மதினி காலுக்கு நடுவில் வைத்திருக்கிறாள். பச்சையும் வெள்ளையுமாகப் பின்னிய வயர் கூடை, எப்போதும் தூக்கிக்கொண்டு போவதுதான், ஆனால் இன்றைக்கு வயிறு பெருத்திருக்கிறது. என்ன இருக்கும். பைல், தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம். அதற்கு இவ்வளவு பெருக்குமா. துணி இருக்குமோ. *இருக்கும்* என்றார்கள் மேல்வீட்டுக்காரர்கள். மங்கை இருக்கும் வீட்டுக்கு மாடி கிடையாது, ஓடு போட்ட ஒற்றை வீடு, மேலே பூனை நடக்கும், மழைக்கு ஒழுகும், அவ்வளவுதான். ஆனாலும் அவர்கள் மேலே இருந்துதான் பேசினார்கள், தரை வழியாகக் கேட்கிற மாதிரி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும். ஆரம்பத்தில் நாள் முழுக்கப் பேசுவார்கள், ராத்திரியில் சண்டை போடுவார்கள், அவளைப் பற்றியே போடுவார்கள். மாத்திரை ஒழுங்காக விழ ஆரம்பித்த பிறகு குரல் தணிந்து, வயதாகிப்போன ஒண்டுக் குடித்தனக்காரர்களாக அவ்வப்போது ஒரு வார்த்தை போட்டுவிட்டு அடங்கிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நன்றாகத் தேர்ந்தெடுத்துப் போடுவார்கள். *துணிதான். நாலு சேலை. உன்னை விட்டுட்டுப் போகத்தான் கூட்டியாந்திருக்கா.* மங்கை கூடையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். சுவரில் குடும்பநல விளம்பரம், அம்மா அப்பா ஒரு பிள்ளை, மூன்று பேரும் சிரிக்கிறார்கள், பிள்ளைக்குப் பல் அதிகம். கூடையைப் பார்த்தாள். போன வாரம் திருப்பூரிலிருந்து அபிராமி போன் செய்தாள், மதினி பெற்ற ஒரே மகள், மங்கை இடுப்பில் தூக்கி வளர்த்த பெண். மதினிக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருவதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், உலகத்துக்கே கேட்கும். "இந்தச் சித்திரையோட சத்துணவு வேலை முடியுதுல்லம்மா, அப்புறம் அங்க என்னத்த வச்சு வாடகை குடுப்ப, வந்துரு. அத்தைக்கு மதுரைப் பக்கம் ஒரு இல்லம் இருக்காம், அவுக விசாரிச்சாக. நல்ல இடந்தானாம்." மதினி அதற்கு என்ன சொன்னாள்? அங்கேதான் சிக்கல். மதினி ஏதோ சொன்னாள், சொன்னது நிச்சயம், ஆனால் மேல்வீட்டுக்காரர்கள் அந்த நேரம் பார்த்து *நல்ல இடம், நல்ல இடம்* என்று குதித்ததில் காதில் விழவில்லை. அதன் பிறகு எத்தனையோ தடவை அந்த போனை மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டாள். அபிராமியின் குரல் வரும், ஸ்பீக்கரின் கொரகொரப்பு வரும், மதினி வாயைத் திறப்பாள், அதோடு நின்றுவிடும். கேட்டால் மதினி சொல்லிவிடுவாள். கேட்கப் பயமாக இருந்தது.

நல்ல இடம் என்று அந்தக் காலத்தில் தரகரும் சொல்லுவார். டைப்பிங் முடித்து வீட்டில் இருந்த வருஷம் முதல் தடவையாக மேலிருந்து பேச்சுக் குரல் கேட்டது, கிணற்றடியில் விடிய விடிய நின்றாள், மதுரைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள், திரும்பி வந்தாள். வந்த பிறகு அண்ணன் வாசலில் உட்கார்ந்து அழுதானாம், இவளை இனி யார் கட்டுவான் என்று. மதினி அந்தக் கிணற்றடி ராத்திரிக்குச் சில நாள் முன்னால்தான் கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்த புதுப்பெண், கையில் மருதாணி கூட முழுசாகப் போகவில்லை. "ஏன் கட்ட மாட்டான், என் நாத்தனாருக்கு என்ன கொறச்சல்" என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கியவள்தான். பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் மதினி முந்தின நாளே ஒத்திகை ஆரம்பித்துவிடுவாள். தானே மாப்பிள்ளைக்கு அப்பாவாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கால்மேல் கால் போட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்பாள். "ஏம்மா, சமைக்கத் தெரியுமா?" தெரியுங்க. "என்ன படிச்சிருக்க?" பிளஸ் டூ முடிச்சுட்டு டைப் லோயர் பாஸ் பண்ணியிருக்கேங்க. "நாலு பேரோட பழகுவியா?" எல்லார்கிட்டயும் நல்லாப் பழகுவேங்க. கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு வாயைத் திறக்காதே. மூஞ்சியைப் பார்க்காதே, காலையும் பார்க்காதே, சட்டைப் பித்தானைப் பாரு, அடக்கமாத் தெரியும். சிரிக்காதே, சிரிச்ச மாதிரி இரு. மேலே சத்தம் கேட்டால்? அப்போதுதான் மதினி துண்டை எடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவாள். கேட்டா வளையலை ஒரு சுத்து சுத்து, நான் பார்த்துக்கிடுதேன். வளையலைச் சுற்றியதும் மதினி உள்ளேயிருந்து வந்து, அவளுக்கு அடுப்புல பால் இருக்கு என்று சொல்லி அழகாகக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அப்படி எத்தனை பால் பொங்கியது என்று கணக்கில்லை. ஒரு இடம் பூ வைக்கிற வரைக்கும் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மங்கை இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிட்டாள், யாருக்கும் சொல்லவில்லை, கல்யாணப் பெண் மாத்திரை சாப்பிடுவாளா என்ன. அடுத்த மாதமே மேல்வீட்டுக்காரர்கள் மொத்தமாக இறங்கி வந்துவிட்டார்கள். அதோடு தரகர் வருவதும் நின்றது. ஆனால் பதில்கள் நிற்கவில்லை, அவை நாக்கில் அப்படியே தங்கிவிட்டன. வாடகைக்காரர், கரண்டு பில்காரர், கல்யாண வீட்டில் எதிர்ப்படுகிறவர்கள் என்று யார் என்ன கேட்டாலும் நல்லா இருக்கேங்க என்று சட்டைப் பித்தானைப் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

"தண்ணி குடிக்கியா?" என்றாள் மதினி. கூடைக்குள் கையை விட்டாள். பாட்டில் வந்தது. அதற்கு அடியில் ஏதோ துணி, நிச்சயமாகத் துணி, ஊதா நிறம். மதினி அதையும் இழுத்து வெளியே எடுத்து, நாலாய் மடித்து, மங்கையின் முதுகுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் செருகினாள். பழைய கம்பளி. "இந்த பெஞ்சு இரும்பா இருக்கும்னு போன தடவையே பார்த்தேன். மாத்திரை போட்டு ஒனக்கு முதுகு வலிக்கும்லா." மேல்வீட்டுக்காரர்கள் ஒன்றும் பேசவில்லை. மங்கைக்கு வெட்கமாகிவிட்டது, மதினியின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் கையைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து அண்டாவும் கரண்டியுமாகப் புழங்கிய கை, மணிக்கட்டில் கஞ்சி பட்டுப் பொத்துப்போன தழும்பு, விரல் எல்லாம் முடிச்சு விழுந்திருக்கிறது. எத்தனை பொய் சொல்லியிருக்கிறாள் இந்தப் பொம்பளை தனக்காக. எதிர்வீட்டுச் சுவரில் மங்கை கல்லெறிந்த அன்று, நான்தான் காக்கா விரட்டினேன் என்றாள். நடுத்தெருவில் மங்கை உட்கார்ந்துவிட்ட அன்று, காலில் முள் குத்திவிட்டது என்று தானும் பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத முள்ளைத் தேடினாள். ஊரில் எல்லோருக்கும் தெரியும், தெரியும் என்பது மதினிக்கும் தெரியும், ஆனாலும் அவள் முகத்துக்கு நேராக ஒருத்தரும் சொன்னதில்லை. அந்த வாயைத் தாண்டி வர யாருக்குத் துணிச்சல் உண்டு. அப்படிக் கட்டிக் காப்பாற்றியதை இப்போது உள்ளே போய்த் தானே உடைக்க வேண்டும். உடைத்தால்தான் சித்திரைக்குப் பிறகும் அதே ஓட்டு வீடு, அதே மதினி. உடைக்காவிட்டால் மதினி திருப்பூர், மங்கை நல்ல இடம். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. தெளிவாகத் தெரிகிறதே என்பதுதான் அடுத்த பயம், இவ்வளவு தெளிவாக இருப்பவளுக்கு யார் நாற்பது போடுவார்கள், இன்றைக்குப் பார்த்தா இப்படி நல்ல நாளாக அமைய வேண்டும், கொஞ்சம் கலங்கலாக இருந்திருக்கக் கூடாதா. மேல்வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்த்தாள், வாழ்நாளில் முதல் தடவையாக. அவர்கள் எங்கோ வெளியூர் போய்விட்ட மாதிரி வீடு கப்சிப்பென்று இருந்தது. நன்றி கெட்டவர்கள்.

"மங்களேஸ்வரி, பரமக்குடி" என்று நர்ஸ் கூப்பிட்டாள். மதினி எழுந்து, தன் சேலையைத் தட்டிவிட்டு, மங்கையின் தோளில் விழுந்திருந்த ஒரு முடியை எடுத்துப் போட்டாள். அறைக்குள் மேசைக்குப் பின்னால் டாக்டர் இருந்தார், ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு, நரைத்த மீசை, இடது கையால் மீசையின் ஒரு பக்கத்தைத் தடவிக்கொண்டே "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அந்தக் கனைப்பு போதும். மங்கையின் முதுகு தானாக நிமிர்ந்தது, கால்கள் சேர்ந்துகொண்டன, கைகள் மடிக்கு வந்தன, கண்கள் அவருடைய சட்டையின் இரண்டாவது பித்தானில் போய் உட்கார்ந்தன. வேண்டாம் மங்கை, இது அது இல்லை, இது வேறு என்று உள்ளே ஒருத்தி சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். டாக்டர் பைலைப் புரட்டினார். "தானாவே குளிச்சு, துணி மாத்திக்கிறீங்களாம்மா?" "ஆமாங்க." குளியலறைக் கதவைச் சாத்தினால் அவளுக்கு உயிர் போய்விடும், இன்றைக்குக் கூட மதினிதான் தண்ணீர் ஊற்றினாள், வாய் ஆமாங்க என்றது. "சமைப்பீங்களா?" "சமைப்பேங்க." காஸ் அடுப்பைத் திறந்து வைத்துவிட்டுப் பற்ற வைக்க மறந்துபோன அந்த மத்தியானத்துக்குப் பிறகு மதினி அவளை அடுப்படிக்குள் தனியாக விட்டதே இல்லை. "அக்கம்பக்கத்துல பேசிப் பழகுவீங்களா?" இதென்ன, அதே கேள்விகளைத்தான் கேட்கிறாரே, இவர்களுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கும் யாரோ ஒரே ஆள்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார் போல. "எல்லார்கிட்டயும் நல்லாப் பழகுவேங்க." "வேலை ஏதாவது?" "டைப் லோயர் பாஸ் பண்ணியிருக்கேங்க." டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார், மெல்லச் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. பூவையும் சேலையையும் பார்த்தார். "நல்லா இருக்கீங்களேம்மா. மாத்திரை நல்லா கேட்டிருக்கு." நல்லா இருக்கீங்களே. பெண் பார்க்க வந்த எத்தனை பேர் முன்னால் இந்த ஒரு வார்த்தைக்காகத் தவம் கிடந்தாள். இன்றைக்குச் சும்மா கிடைக்கிறது.

டாக்டர் மதினியின் பக்கம் திரும்பினார். "கூட இருக்கிறவங்க நீங்கதானே. வீட்ல எப்படி இருக்காங்க, நீங்க சொல்லுங்க." மங்கைக்கு உயிர் வந்தது. மதினி பார்த்துக்கொள்வாள், மதினி எத்தனை சபையைப் பார்த்தவள், பஸ்ஸில் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதானே வந்தாள். மதினி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். நாற்காலியின் நுனிக்கு வந்தாள். மங்கையை ஒரு பார்வை பார்த்தாள், பின்னிய தலை, நடுவில் பொட்டு, மயில்கழுத்துச் சேலை. பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "தங்கமான பிள்ளைங்க சார். ஒரு தொந்தரவு கிடையாது." சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டுப்போனாள். கை வாய்க்குப் போயிற்று. அதற்குள் டாக்டர் தலையாட்டிக்கொண்டு பேனாவை எடுத்துவிட்டார். பேனா தாளுக்கு இறங்குவதை மங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முனையில் சித்திரை இருந்தது, திருப்பூர் பஸ் இருந்தது, முகம் தெரியாத பொம்பளைகள் வரிசையாகப் படுத்திருக்கும் ஒரு நீளமான கூடம் இருந்தது. வளையலைத் தொட்டாள். ஒரு சுற்று சுற்றினாள், இன்னொரு சுற்று. மதினி பார்த்தாள், பார்த்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பால் பொங்குகிறது என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போக அந்த அறைக்கு அடுப்படி இல்லை. பாவம், மதினிக்கு இதற்கு மேல் தெரியாது. அவள் கற்றுக்கொண்டது முழுக்க மறைக்கிற வித்தை. மங்கைக்கு அப்போது மதினியின் மேல் பொங்கிக்கொண்டு வந்த பிரியத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைப் பித்தானை விட்டுக் கண்ணை உயர்த்தினாள். டாக்டருக்குக் கண்ணாடிக்குப் பின்னால் களைத்த கண்கள்.

"மதினி பொய் சொல்றாங்க சார்" என்றாள். பேனா நின்றது. "நானும் பொய்தான் சொன்னேன். எனக்குச் சோத்துல விசம் வச்சிருக்குன்னு தோணும். இப்பவும் தோணும். மாத்திரை போட்டாலும் தோணும். என் தட்டுல மதினி மொதல்ல ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுனாத்தான் சாப்பிடுவேன். மூணு வேளையும். அண்ணன் செத்துக் கெடந்த அன்னைக்கும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுனாங்க." அவ்வளவுதான் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியாம்மா?" என்று மதினியைக் கேட்டார். மதினி தலையைக் குனிந்துகொண்டாள். ஊரில் யாருக்கும் குனியாத தலை. "ஆமா சார்" என்றாள். முதல் ஆமாம் அது. "ஏட்டி, இதைப் போயி…" என்று மங்கையிடம் ஏதோ ஆரம்பித்தாள், முடிக்கவில்லை, டாக்டரின் பக்கம் திரும்பினாள், பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கிணற்றடியில் விடிய விடிய நின்றதைச் சொன்னாள், பக்கத்தில் தானும் நின்றதைச் சொன்னாள். கல்லெறிந்ததை, நடுத்தெருவில் உட்கார்ந்ததை, ரயிலடிக்குப் போய்விட்ட மங்கையைத் தேடிக்கொண்டு அபிராமியை இடுப்பில் வைத்தபடி ஓடியதைச் சொன்னாள். கதவு சாத்தாமல் குளிக்க வைப்பதற்காக வாசலில் முதுகைக் காட்டிக் காவல் நிற்பதைச் சொன்னாள். "மகளும் மருமகனும் இல்லத்துல விடுன்னு சொல்லுதாக சார். அங்க இவ தட்டுல யாரு மொதல்ல சாப்பிட்டுக் காட்டுவா? அதைத்தான் அவகிட்டயும் கேட்டேன், பதில் சொல்லத் தெரியாம போனை வச்சுட்டா." மங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். தன் நோயை இப்படி ஆரம்பத்திலிருந்து வரிசையாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வெட்கப்படத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள், வெட்கம் வரவில்லை, ஏனென்றால் கிணற்றடியோ ரயிலடியோ தெருவோ, எந்த இடத்தைச் சொன்னாலும் அங்கே மதினியும் இருந்தாள். அவளுக்கு அது தனியாக நின்ற காலமாகத்தான் இவ்வளவு நாளும் ஞாபகம் இருந்தது. டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். பக்கத்தைத் திருப்பினார். பிறகு பேனாவை மூடி, "போதும்மா, புரியுது. நாப்பதுக்கு மேலயே வருது, போட்டுட்டேன். வெளியே இருங்க, கூப்பிடுவாங்க" என்றார். மங்கை எழுந்துவிட்டாள். மதினி எழுந்திருக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இன்னும் இருக்கு சார்" என்றாள்.